உங்களுக்குத் தெரியுமா? சிவகிரிக்கு வந்து சேரும் அலைகள்

திருநெல்வேலி வானொலியை 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்கள் சிவகிரிப் பக்கம் ஏராளம். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ வெறும் 3 மீட்டர்தான்.

நீண்ட அலை தரையை ஒட்டி வளைந்து வரும். நீளம் குறைந்தது பெரும்பாலும் நேர்கோட்டிலேயே போகும். மலை குறுக்கிட்டால் வலுவிழக்கும். அதனால்தான் பண்பலைக் கோபுரத்துக்கு 2,000 மீட்டருக்கும் உயரமான கொடைக்கானல் மலை அவ்வளவு பொருத்தம். அருமையான ஏற்பாடு அது!

வானொலி அலை, செல்போனின் நுண்ணலை, அடுப்புத் தணலின் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், வெயிலின் புற ஊதா, எக்ஸ்ரே எல்லாமே மின்காந்த அலைகள்தான். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்: நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும்.

டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, பல போன்களின் திரையில் மினுங்கும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

குற்றாலச் சாரல் நாளிலும் புற ஊதாவில் ஒரு பங்கு மேகத்தைத் தாண்டி வந்துவிடும். எக்ஸ்ரேயின் ஆற்றலோ அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிரித்துவிடும். செல்போன் அலைக்கு அந்த வலு கிடையாது. எக்ஸ்ரேயின் அந்த வலு கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள், கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.