நிலவின் இருண்ட பக்கத்தில் பேசுவது யார்?

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் குழப்பம் உங்களுக்கு வந்திருக்கும். பாட்டு ஒரு பக்கம் போகிறது. அதற்கு அடியில் யாரோ ஒருவர் முணுமுணுக்கிறார். இன்னொருவர் சிரிக்கிறார். ஒரு பெண் ஏதோ சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். என்ன சொன்னார்கள் என்று பிடிக்க ஒலியைக் கூட்டினால், கூடவே இசையும் கூடிவிடுகிறது.

அந்தக் குரல்கள் யாருடையவை, ஏன் புரியவில்லை, புரியவைத்துக்கொள்ள உங்களால் என்ன செய்யமுடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு இரண்டு வரி. இது 1973 மார்ச்சில் வெளிவந்தது. லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. மொத்தம் 43 நிமிடம் ஓடும். புரோக்ரெசிவ் ராக் (நீண்ட அமைப்பும் புதுமையான ஒலிகளும் கொண்ட ராக் இசை) என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

என் ஆங்கிலம் போதவில்லையோ?

நம்மில் பலர் முதலில் இப்படித்தான் நினைக்கிறோம். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஐம்பது ஆண்டுகளாக இதே இடங்களில் தடுமாறுகிறார்கள். பேசுபவர்களில் சிலர் அயர்லாந்துக்காரர்கள், சிலர் லண்டன் தெருப்பேச்சு பேசுபவர்கள். யாரும் மைக் முன்னால் நின்று திருத்தமாக உச்சரிக்கவில்லை. இயல்பாக, பாதி வாக்கியத்தை விழுங்கிப் பேசுகிறார்கள். அதன் மேல் கிட்டாரும் டிரம்ஸும் ஏறிக்கொள்கின்றன.

சரி, அவர்கள் யார்?

பாடகர்களோ நடிகர்களோ அல்ல. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்தார். கூடத்தில் அப்போது இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அட்டையைப் படித்து மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னார். 'கடைசியாக எப்போது கை ஓங்கினீர்கள்?', 'அப்போது நியாயம் உங்கள் பக்கம் இருந்ததா?', 'சாவுக்குப் பயப்படுகிறீர்களா?' என்ற வகைக் கேள்விகள் அவை.

மேடைச் சாமான்களை ஏற்றி இறக்கும் ஊழியர்கள் பதில் சொன்னார்கள். அபே ரோடின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் சொன்னார். ஆல்பத்தின் தொடக்கத்தில் கேட்கும் பைத்தியக்காரச் சிரிப்பு, குழுவின் பயண மேலாளர் பீட்டர் வாட்ஸ் சிரித்தது. இவர் பின்னாளில் ஹாலிவுட் நடிகையான நவோமி வாட்ஸின் தந்தை. 'மணி' பாட்டின் முடிவில், தான் அப்போது குடித்திருந்ததாகச் சொல்பவர் ஹென்றி மெக்கலக். பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவில் கிட்டார் வாசித்தவர், வட அயர்லாந்துக்காரர்.

மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூட அந்த அட்டைகளுக்குப் பதில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் இயல்பாகப் பேசாததால் அந்தப் பதிவு சேர்க்கப்படவில்லை. உலகப் புகழ் பெற்ற பாடகரின் பேச்சை ஒதுக்கிவிட்டு, வாசலில் நின்ற காவலரின் பேச்சைச் சேர்த்த முடிவு இந்த ஆல்பத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று என்பேன். ஆல்பம் முழுக்கச் சாவு, பணம், பித்து, சண்டை பற்றியது. அவற்றைப் பற்றி யோசித்துப் பேசுபவரைவிட, யோசிக்காமல் பேசுபவரிடம்தான் உண்மை சட்டென்று வெளிவருகிறது.

பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. இசைத்தட்டின் உறையை விரித்தால் உள்ளே பாடல் வரிகள் அச்சாகியிருக்கும். இந்தப் பேச்சுகள் அதில் இல்லை. அதனால்தான் ஆளுக்கொரு மாதிரி கேட்டு, ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எங்காவது பார்க்கும் எழுத்துவடிவம் பெரும்பாலும் இன்னொரு ரசிகர் காதால் கேட்டு எழுதியதுதான். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்திருக்கக் கூடாதா?

இதே கேள்வி குழுவுக்குள்ளும் எழுந்ததாகச் சொல்வார்கள். வாட்டர்ஸும் டிரம்மர் நிக் மேசனும் பேச்சும் பிற ஒலிகளும் துலக்கமாக முன்னே நிற்கவேண்டும் என்றார்களாம். குழுவின் மற்ற இருவரான டேவிட் கில்மோரும் ரிச்சர்ட் ரைட்டும் எதிரொலி கலந்து, இசையோடு கரைந்து இருக்கவேண்டும் என்றார்களாம். கலவைக்கு (தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாக்கும் வேலை) மேற்பார்வை பார்க்க கிறிஸ் தாமஸ் என்ற தயாரிப்பாளரை வெளியிலிருந்து அழைத்தார்கள். அப்படி ஒரு தகராறே தன் முன்னால் நடக்கவில்லை என்று அவர் பின்னாளில் மறுத்திருக்கிறார்.

எது எப்படியானாலும், முடிவில் நமக்குக் கிடைத்தது பாதி முன்னே, பாதி பின்னே நிற்கும் குரல்கள். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது போலத்தான். வாய் அசைவது தெரிகிறது, பேச்சை மேளம் விழுங்கிவிடுகிறது.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் ஒரு பெண் பாடுவது எந்த மொழி?

எந்த மொழியும் இல்லை. அங்கே வார்த்தை தேடிக் காதைக் கூர்மையாக்க வேண்டாம். கிளேர் டோரி என்ற பாடகியை 1973 ஜனவரியில் அழைத்து, ரைட்டின் பியானோ இசையைப் போட்டுக்காட்டினார்கள். முதலில் அவர் வழக்கமான ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பாடிப்பார்த்தார். சொல்லே வேண்டாம் என்றார்கள். பிறகு தன் தொண்டையையே ஓர் இசைக்கருவியாக நினைத்துக்கொண்டு பாடினார். அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசமாகி, அந்தப் பாட்டை ரைட்டோடு சேர்ந்து இயற்றியவர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. நியாயமான முடிவு, மிகவும் தாமதமாக வந்த நியாயம்.

பாடலுக்கு நடுவே இன்னொரு பெண் மெல்லப் பேசுவது உண்மையான சொற்கள். சாவைப் பற்றிய கேள்விக்கு பீட்டர் வாட்ஸின் மனைவி சொன்ன பதில் அது.

வேண்டுமென்றே குழப்பிவைத்த குரல்களும் உண்டா?

உண்டு. அதே குழுவின் 1977ஆம் ஆண்டு ஆல்பமான 'அனிமல்ஸ்'இல் 'ஷீப்' என்று ஒரு பாட்டு. அதன் நடுவில் இயந்திரம் பேசுவது போல ஒரு குரல் வரும். வோகோடர் (பேச்சின் வடிவத்தை இசைக்கருவியின் ஒலி மேல் ஏற்றும் கருவி) வழியாக வந்த குரல் அது. பைபிளின் 23ஆம் சங்கீதத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, மேய்ப்பரை நம்பிய ஆடுகள் கறிக்கடைக்குப் போவதாகச் சொல்கிறது. மூல சங்கீதத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள், முக்கால்வாசி தானே பிடிபடும்.

1979இல் வந்த 'தி வால்' ஆல்பத்தின் 'எம்ப்டி ஸ்பேசஸ்' பாட்டில் ஒரு பேச்சைப் பின்னோக்கி ஓடும்படி பதித்திருக்கிறார்கள். திருப்பி ஓட்டினால், ரகசியத்தைக் கண்டுபிடித்ததற்கு ஒரு பாராட்டு கேட்கும். இது குழுவே வைத்த விளையாட்டு.

அப்படியானால் எல்லாப் பாட்டையும் திருப்பி ஓட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கேட்டதை நம்பிவிடாதீர்கள். கனடாவைச் சேர்ந்த ஜான் வோக்கி, டான் ரீட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1985இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பின்னோக்கி ஓட்டிக்காட்டியவற்றில் அதே 23ஆம் சங்கீதமும் இருந்தது. கேட்டவர்களுக்குப் பொருள் எதுவும் எட்டவில்லை. ஆனால் இன்ன சொல் வருகிறது, கவனியுங்கள் என்று முன்கூட்டியே சொன்னதும், இல்லாத சொற்களும் அவர்கள் காதில் விழுந்தன.

காது ஏமாறுமா என்ன?

ஏமாறுவதைவிட, இட்டு நிரப்பும் என்பது சரி. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல், பதிவான ஒரு வாக்கியத்திலிருந்து ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு வார்த்தை முழுதாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்று அவர்களால் சரியாகச் சொல்லமுடியவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய முக்கியமான பாடம்: எழுத்துவடிவத்தை முதலில் பார்க்காதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு உங்கள் காது அதைத்தான் கேட்கும், எழுதியவர் தவறாக எழுதியிருந்தாலும்கூட. நீங்களாகக் கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிடிபடாத இடத்தில் கோடு போடுங்கள். அதன் பிறகு மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

நடைமுறையில் எப்படிக் கேட்பது?

ஃபோனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேச்சுக்குரல்கள் பல, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நிற்கின்றன. ஸ்டீரியோ (இரண்டு காதுக்கும் வேறு வேறு ஒலி தரும் முறை) இருந்தால்தான் அவை இசையிலிருந்து பிரிந்து தெரியும். ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொண்டாலும் இதே நஷ்டம்தான்.

ஃபோன் அமைப்புகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே 'மோனோ ஆடியோ' என்பது இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அதன் பக்கத்திலேயே இட-வல அளவை நகர்த்தும் கோடு ஒன்று இருக்கும். அதை முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு மறுபக்கம் தள்ளிக் கேளுங்கள். செலவில்லாத வழி, நல்ல பலன் தரும்.

இசைச் செயலியில் 'கிராஸ்ஃபேட்' (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டுவது) இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 'மணி' முடிந்து 'அஸ் அண்ட் தெம்' தொடங்கும் சந்திப்பில்தான் பேச்சு குவிந்திருக்கிறது. செயலி அதன் மேல் வேறொன்றைப் பூசிவிடும். பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்பதும் ஆகாது, வரிசையாகக் கேளுங்கள்.

ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைத் தனித்தனியாக மாற்றும் வசதி) இருந்தால், தாழ்ந்த ஒலியைக் குறைத்து 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையுள்ள பகுதியைச் சற்று உயர்த்துங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பேஸ் கிட்டார் அடங்கினாலே பேச்சு ஓரளவு எழும்பிவரும்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிய பேச்சுக்காக ஒலியை உச்சத்தில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 'ஸ்பீக் டு மீ' ஒரு அலறலில் முடிகிறது. 'டைம்' தொடங்கும்போது கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். ஹெட்ஃபோனில் அது காதுக்கு நல்லதல்ல.

குரலையும் இசையையும் பிரித்துத்தரும் மென்பொருள் உதவுமா?

ஓரளவு உதவும். ஆனால் அது இசையைக் கழிக்கும்போது பேச்சிலும் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடும், சில இடங்களில் இல்லாத சீறல் ஒலிகளைச் சேர்க்கும். அதில் புதிதாக ஒரு சொல் கேட்டால், மூலப் பதிவிலும் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். நல்ல ஒலிபெருக்கிகள் கிடைத்தால், ஜேம்ஸ் கத்ரி 2003இல் செய்த சுற்றொலிப் பதிப்பு (அறையின் நான்கு பக்கமிருந்தும் ஒலி வரும்படி அமைத்தது) இதைவிட மேல். குரல்களுக்கு அதில் தனி இடம் கிடைக்கிறது.

எல்லாக் குரலுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டாம். 'ஆன் தி ரன்'னில் வரும் பெண்குரல் விமான நிலைய அறிவிப்பு. பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான். 'அஸ் அண்ட் தெம்'மில் வரும் பேச்சுக்குப் பாடுபடலாம். ரோஜர் என்ற மேடை ஊழியர் (வாட்டர்ஸ் அல்ல), சாலையில் ஒரு வண்டியோட்டியை அடித்த கதையைத் தன் பக்க நியாயத்தோடு சொல்கிறார். பாட்டோ போரைப் பற்றியது. அந்தக் கதை காதில் விழுந்த பிறகு கேட்டுப்பாருங்கள், பாட்டின் கனமே கூடியிருக்கும். 'எக்லிப்ஸ்' முடிந்து இதயத்துடிப்பு மட்டும் மிஞ்சும் கடைசி நொடிகளையும் விட்டுவிடாதீர்கள். நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றுமில்லை, அது முழுவதுமே இருட்டுதான் என்று அங்கே சொல்பவர் வாயிற்காவலர் ஓ'டிரிஸ்கால். ஆல்பத்தின் தலைப்புக்கே அவர் தரும் பதில் அது. அவர் பெயர் இப்போது உங்களுக்குத் தெரியும், அடுத்த முறை அவர் பேச்சுக்காகக் காத்திருந்து கேளுங்கள்.