பைக்கில் வெளிநாடு: அன்று காசில்லை, இன்று சாலையில்லை

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஷிஃப்டுக்குப் போகும் பையன்களில் பலருக்கு, அதே வண்டியில் ஒருமுறையாவது நாடு தாண்டிவிட வேண்டும் என்று ஆசை. நடிகர் அஜித் 2023இல் நேபாளமும் பூட்டானும் ஓட்டிவிட்டு வந்த பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போக நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்பும் வண்டி பக்கத்திலேயே இருந்தது. எண்ணூரைத் தாண்டினால் திருவொற்றியூர், அங்கே புல்லட் செய்த என்ஃபீல்டு ஆலை. பாதையும் இருந்தது. போர்க்காலம் தவிர, வாகா எல்லை வழியே பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று தரையிலேயே ஐரோப்பா போகலாம். கிழக்கே போக மெட்ராஸ் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பல், அதன் பிறகு ‘சிதம்பரம்’. பினாங்கு, சிங்கப்பூர் வரை டிக்கெட்.

இல்லாதது அந்நியச் செலாவணிதான். ரிசர்வ் வங்கியின் ‘பி ஃபார்ம்’ அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்க முடியாது. 1960களின் கடைசியில் சாதாரணப் பயணி கையில் கொண்டுபோக முடிந்தது 8 டாலர். போகிற ஊரில் சொந்தக்காரர் வீடு இருந்தால்தான் சோறும் படுக்கையும். நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது: சாலை திறந்து கிடந்த காலத்தில் நம்மவர்கள் கை கட்டப்பட்டிருந்தது.

1979இல் ஈரான் புரட்சி, அந்த வருடக் கடைசியிலேயே ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. மேற்கு வழி அடைபட்டது. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ தீப்பிடித்தது, கப்பலும் போயிற்று.

இன்று வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், கொண்டுபோகலாம். ஆனால் வாகா வழியே பைக்கில் ஐரோப்பா என்பது பழங்கதை. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர், தாய்லாந்து போகும் கனவை 2021 ராணுவ ஆட்சி முடக்கிவிட்டது. தூர நாடுகளுக்குப் பெரும்பாலும் மிச்சம் கடல்தான். 2013 முதல் கன்டெய்னர் கையாளும் துறைமுகம் காட்டுப்பள்ளியிலேயே நிற்கிறது.

பைக்கைக் கப்பலேற்றுவது இப்படி: பெட்ரோலை வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, கண்ணாடி, ஹேண்டில்பார், முன்சக்கரம் எல்லாம் பிரித்து மரப்பெட்டிக்குள் இறுக்கிக் கட்டுவார்கள். பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் கட்டணம் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு. பெட்டி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு மிச்சம். பல நாடுகளில் ‘கார்னெட்’ என்ற சுங்கப் புத்தகமும் கேட்பார்கள். வண்டியை அங்கே விற்காமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான உறுதி அது. அதற்கு வண்டி மதிப்பை ஒட்டி வங்கி உத்தரவாதமோ டெபாசிட்டோ கட்ட வேண்டும். வெளியேறும்போது ஒரு நாட்டின் முத்திரை விடுபட்டாலும் அந்தப் பணம் சிக்கிக்கொள்ளும். கடன் வாங்கி இதைக் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் பயணம் நேபாளம்தான். தச்சூரில் தேசிய நெடுஞ்சாலை 16ஐப் பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டி, கொல்கத்தா, சிலிகுரி வழியே காக்கர்பிட்டா எல்லை. கார்னெட் வேண்டாம், விசா வேண்டாம். ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்குக்குப் பணம் கட்டி எல்லையிலேயே வாங்கலாம். ஆர்.சி., லைசென்ஸ் அசலாக இருக்கட்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய். பூட்டானில் இந்தியருக்கே இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் கடல் தாண்டத்தான் வேண்டும் என்றால், இங்கே சொல்லும் கப்பல் கூலியை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். போய் இறங்கும் துறைமுகத்தில் பெட்டியை வெளியே எடுக்கும் செலவு அதைவிடக் கூடுதலாக வருவதுண்டு. அங்குள்ள கிளியரிங் ஏஜெண்டிடம் அந்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பெட்டிக்கு ஆணி அடியுங்கள்.