காதால் பார்க்கும் காடு

மழைக்காட்டினுள் மூன்று மணி நேரம் நடந்தால் எத்தனை விலங்குகளைப் பார்க்கலாம்? புறப்படுமுன் இக்கேள்வியை எங்கள் கல்லூரி மாணவர்களிடம் கேட்டேன். தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? "ஐம்பதாவது இருக்கும் சார்" என்றான் ஒருவன். ஜனவரி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப்பை அடுத்த கரியன்சோலைக்குள் வழிகாட்டி ஒருவருடன் நுழைந்தோம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் கண்டது ஒரே ஒரு மலை அணில். அதிலும் வால் மட்டுமே!

காட்டில் விலங்குகள் இல்லாமல் இல்லை. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மரங்கள் முப்பது, நாற்பது மீட்டர் உயரம் நிற்கின்றன. உச்சியில் இலைகள் கூரை வேய்ந்தாற்போல் நெருங்கியிருக்கின்றன. அக்கூரையின்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுகிறது. கீழே இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒளிமிக்க வானத்தின் பின்னணியில் இலையும் கறுப்பு, பறவையும் கறுப்பு.

பைனாக்குலர் உதவாதா என்று கேட்பீர்கள். அதில் 8×40 என்பதுபோல் ஏதாவது பொறித்திருக்கும். 8 என்பது உருப்பெருக்கம். 40 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 40ஐ 8ஆல் வகுத்தால் 5. அதாவது, கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மி.மீ. மங்கிய ஒளியில் இளைஞர்களின் கண்பாவை 6, 7 மி.மீ. வரைகூட விரியும். நாங்கள் கொண்டுபோனதோ சட்டைப் பைக்குள் அடங்கும் 8×20. அது தரும் கற்றை 2.5 மி.மீ. தான். விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். வெட்டவெளியில் கண்பாவையே சுருங்கியிருப்பதால் இக்குறை தெரியாது. காட்டுக்குள் நன்றாகவே தெரிந்தது. விலையை மட்டும் பார்த்து வாங்கியவன் நான்தான்.

எங்கள் வழிகாட்டி காடர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர். திடீரென்று நின்று கையை உயர்த்தினார். "கருமந்தி சார். அந்தச் சரிவுக்கு அப்பால" என்றார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை நிறுத்திக் காத்திருந்தபின், தொலைவிலிருந்து "ஊ... ஊ..." என்று கனத்த குரல் வந்தது.

இலைக்கூட்டத்தைக் கடந்து ஒளி வரவில்லை. ஒலி மட்டும் எப்படி வந்தது? ஓர் அலையின் வழியில் நிற்கும் தடை, அலைநீளத்தைவிடச் சிறியதாயின், அலை அதைச் சுற்றி எளிதில் வளைந்து சென்றுவிடும். இதுவே விளிம்பு விளைவு. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதிர்வெண் 200 ஆனால் அலைநீளம் 1.7 மீட்டர். இலை, கிளை, ஏன், நடுத்தர அடிமரம்கூட இவ்வலைக்குப் பெரிய தடை அல்ல. அதிர்வெண் 4000 ஆனால் அலைநீளம் எட்டரைச் சென்டிமீட்டர்தான். அது இலைகளில் மோதிச் சிதறிவிடும். ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் இலை போதும், அதை நிறுத்த. கீச்சென்ற சிறு குருவியின் குரல் அருகிலேயே தேய்ந்துபோக, கருமந்தியின் குரல் மலைச்சரிவைத் தாண்டி வருவதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

அடுத்த வளைவில் ஒரு முதிய மரத்தைப் பெரியவர் சுட்டிக் காட்டினார். வெகு உயரத்தில் ஒரு பொந்து. அதில் குறுகிய பிளவு. உள்ளே பெரிய இருவாச்சியின் பெட்டை! முட்டையிடும் பருவத்தில் அது பொந்தினுள் புகுந்து, எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் அதற்கு உணவு, ஆண் பறவை பிளவின் வழியே ஊட்டுவதுதான்.

"இதன் குரல் என் செல்போனில் இருக்கிறது சார். போட்டால் ஆண் பறவை வந்துவிடும்" என்றான் ஒரு மாணவன். நான் வாய் திறக்குமுன் பெரியவர் தடுத்தார். "வேற பறவை வந்திருச்சுன்னு பதறும், தம்பி. நாம இங்க நின்னாலே அது கிட்ட வராது. உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கும்."

ஆட்கள் மரத்தடியில் நின்றால் ஆண் பறவை தொலைவிலேயே தயங்கும். அலகில் கொண்டுவந்த வேளை உணவு தாமதமாகும், சில சமயம் தவறியும் போகும். படம் எடுக்கும் ஆசையை விட்டு, நூறு மீட்டர் பின்வாங்கிப் புதர் மறைவில் அமர்ந்தோம். நாற்பது நிமிடம். பேச்சில்லை.

முதலில் வந்தது ஒலிதான். நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல் "புஸ்... புஸ்..." என்று, இறக்கையடிக்கு ஒன்றாக. பிற பறவைகளில் பெரிய இறகுகளின் அடிப்பகுதியைச் சிறிய மூடிறகுகள் நன்கு மறைத்திருக்கும். இருவாச்சியின் இறக்கையின் கீழ்ப்புறத்தில் அம்மறைப்புக் குறைவு. ஆகவே காற்று பெரிய இறகுகளின் இடைவெளிகளில் புகுந்து சீறுகிறது.

பிறகு பறவையே வந்தது. மஞ்சள் அலகு, கழுத்தை எக்கிய நிலை. தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து பிளவினுள் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி அவற்றை வாங்கிக்கொண்டது. செல்போனைப் பைக்குள் போட்ட அதே மாணவன் இருபத்து மூன்று பழம் வரை எண்ணினான். பின்னர் சீறும் ஒலி சரிவின் பக்கம் சென்று தேய்ந்தது. நாங்கள் மூச்சு விட்டோம். பெரியவர் அதற்குள் வேறெதையோ கேட்டு, தலையை மறுபுறம் திருப்பியிருந்தார்.