பூனையும் எலியும் மூன்று தலைமுறையும்

உங்கள் வீட்டில் உம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒன்றாக இருந்து சிரிக்கும் நிகழ்ச்சி எது? பல வீடுகளில் அது 'டொம் அன்ட் ஜெரி'தான். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940இல் திரையரங்குகளுக்காகப் படைத்த இந்தப் பூனையும் எலியும் 7 ஒஸ்கார் விருதுகளை வென்றன. பேச்சு மிகக் குறைவு. இசையே கதை சொல்லும். எந்த மொழிப் பிள்ளைக்கும் விளங்கும்.

1982இல் ரூபவாஹினி ஆரம்பமான பின், டைட்டஸ் தொட்டவத்த கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்தார். பக்ஸ் பனி, 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாய்மார்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அன்று குறித்த நேரத்தில் நிகழ்ச்சி முடியும். பிள்ளை விளையாடப் போகும். இன்று கைத்தொலைபேசியில் ஒன்று முடிய மற்றொன்று தானாக ஓடுகிறது. சுத்தியலால் அடிபட்ட டொம் உடனே எழும்பி ஓடும். தம்பியை அடித்தால் அவன் அப்படி எழும்பமாட்டான் என்பதைச் சிறு பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

அடுப்படி வேலை இருக்கத்தான் செய்யும். என்றாலும், ஒரு கதைக்காவது பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். சேர்ந்து சிரித்த தாய் "போதும் மகன்" என்றால், பிள்ளை இலகுவில் கேட்கும்.