இரண்டு மாத்திரை, நான்கு மணி நேரம்

காலையில் எழுந்ததும் அசதி, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, சீப்பில் கொத்தாக முடி. “மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மசக்கையாக இருக்கலாம். ரத்தசோகையாகவோ தைராய்டு குறைவாகவோகூட இருக்கலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. ஆகவே ஹீமோகுளோபின் சற்று இறங்குவது இயல்பு. டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள்.

தைராய்டின் கதை வேறு. கருவின் தைராய்டு சுமார் 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பான தைராக்சின்தான் கதி. தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுரந்தாக வேண்டும். அந்தச் சுரப்பை உருவாக்கும் நொதிக்கு இரும்பும் தேவை. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தைராய்டும் தடுமாறும் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

சரி, இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறதே என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான். தைராக்சினும் இரும்பும் வயிற்றுக்குள் சந்தித்தால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தைராக்சினில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், தைராக்சின் எடுத்துவந்த 14 பேருக்கு அதோடு சேர்த்து இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். தைராக்சின் குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு, 12 வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.6-இலிருந்து 5.4-க்கு ஏறியது. மாத்திரை உள்ளே போகிறது, பலன்தான் குறைகிறது!

நம் ஊரில் இது எளிதாக நடக்கும். இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. தைராய்டு மாத்திரையைத் தனியார் மருத்துவர் எழுதுகிறார். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. சீட்டில் ‘காலை 1’ என்று இருந்தால், எல்லாவற்றையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குவதுதான் வழக்கம். இதில் கர்ப்பிணியைக் குறை சொல்ல எதுவுமில்லை. நேரத்தையும் சேர்த்து எழுதாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரியான நேரக் கணக்கு இதுதான்: விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீர் மட்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன். இரும்பு மாத்திரைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, மதியம் வசதி. அதை டீ, காபியோடு விழுங்க வேண்டாம். கால்சியமும் தைராக்சினைத் தடுக்கும். அதற்கும் அதே நான்கு மணி நேரம். கால்சியத்தை இரும்போடும் சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பம் உறுதியானதும் அதை நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். உடனே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய், எதை எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.