நேபாள மலைகளில் சாண எரிவாயு: செய்தி சென்ற வழி

1955-ஆம் ஆண்டில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கோதாவரியில், புனித சேவியர் பள்ளியின் ஆசிரியரான பாதிரியார் சோபோல் என்பவர் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் கொண்டு சாண எரிவாயுக் கலம் ஒன்றைச் செய்து காட்டினார். நேபாளத்தின் முதற் சாண எரிவாயுக் கலம் அதுவேயென்று அந்நாட்டு வரலாற்றுக் குறிப்புகள் யாவும் கூறுகின்றன. பிற்காலத்தில் பல இலட்சம் குடும்பங்களை எட்டிய ஒரு முயற்சியின் தொடக்கத்தில் பொறியியல் வல்லுநரோ அரசாங்க அதிகாரியோ நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவரே நின்றார். இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு இதில் சிறிது பெருமிதம் தோன்றினால் அது தவறாகாது.

சாண எரிவாயுவின் தத்துவம் நம்மவர்க்குப் புதியதன்று. தில்லியிலிருந்த வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் 1939-ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய சோதனைகள் நிகழ்ந்தன. 1951-இல் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த ‘கிராமலட்சுமி’ என்னும் மிதவைக் கலத்தைக் கதர் கிராமத் தொழில் நிறுவனம் பின்னர் எங்கும் பரப்பியது. காற்றுப் புகாத தொட்டியில் சாணமும் நீரும் சம அளவிற் கலந்து கிடக்குமாயின், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து ஒரு வாயுவை வெளிப்படுத்தும். அவ்வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. ஒரு கிலோ புதுச்சாணம் நாற்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயுவைத் தரும். அதனை எரித்தால் புகையற்ற நீலச் சுடர் கிடைக்கும். மிஞ்சும் குழம்பு வயலுக்கு எருவாகும்.

இதனை மக்களிடம் கொண்டுசெல்வதே கடினமான பணியாயிற்று. நேபாள அரசாங்கம் 1974-75-ஐ வேளாண்மை ஆண்டாக அறிவித்து, வட்டியில்லாக் கடன் அளித்துச் சில நூறு கலங்களைக் கட்ட முற்பட்டது. 1977-இல் ‘கோபர் காஸ் கம்பெனி’ நிறுவப்பட்டது. அக்காலத்துக் கலங்கள் இந்தியாவிலிருந்து சென்ற மிதவை வகையைச் சேர்ந்தவை. அவற்றின் எஃகு மிதவையை மலைப்பாதையில் ஆட்கள் சுமந்து செல்லவேண்டும். சென்றபின் அது துருப்பிடிக்கும். ஆகவே கல், செங்கல், சிமெண்டு ஆகியவற்றாலேயே தரைக்கடியில் கட்டக்கூடிய நிலையான குவிமாடக் கலம் அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளூர்க் கொத்தனாரே கட்டக்கூடிய இவ்வகையின் செம்மையான வடிவம் 1990-இல் உருவாயிற்று. நேபாள நாட்காட்டியின்படி அது 2047-ஆம் ஆண்டாதலால் அவ்வெண்ணையே அதற்குப் பெயராக வைத்தனர்.

1992-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் சாண எரிவாயு ஆதரவுத் திட்டம் தொடங்கிற்று. 1997 முதல் ஜெர்மானிய வளர்ச்சி வங்கியும் இதிற் பங்குகொண்டது. இத்திட்டத்தின் மானியம் எவ்வாறு அமைந்ததென்பது நோக்கத்தக்கது. தராய் சமவெளியிற் கட்டும் கலத்துக்கு 7,000 நேபாள ரூபாய். மலைப்பகுதியிற் கட்டுவதற்கு 10,000. கலம் பெரிதாயினும் சிறிதாயினும் தொகை மாறாது. விழுக்காட்டுக் கணக்கைச் சந்தையிற் கேட்ட உழவர் வீடு வருவதற்குள் மறந்துவிடக்கூடும். ‘ஏழாயிரம்’ என்னும் ஒரு சொல்லை மறவார். சிறு கலத்துக்கும் அதே தொகை என்பதனால் சிறு உழவரும் துணிந்தனர். திட்டத்தை வகுக்கும்போதே அதனை எவ்வாறு எடுத்துச் சொல்வதென்பதையும் எண்ணிப் பார்த்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் கேட்போர் யார் என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. 1991-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நேபாளப் பெண்டிருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு இருபத்தைவரே. கடன் பத்திரத்திற் கையொப்பமிடுபவர் பெரும்பாலும் ஆடவர். நாள்தோறும் சாணம் கரைத்துத் தொட்டியில் இடுபவரும், அடுப்பின் முன் அமர்பவரும் பெண்டிர். துண்டுப் பிரசுரம் முன்னவரிடம் சென்றது. வேலையோ பின்னவரிடம் இருந்தது. மொழிகளும் பல. சமவெளியில் மைதிலி, போஜ்புரி, தாரு. மலைகளில் தமாங் முதலியன. தலைநகரில் நேபாள மொழியில் அச்சிட்ட தாளைக் குடிசையின் சுவரில் ஒட்டியதனால் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கிவிடாது.

ஆகவே பயன்படுத்துவோர்க்கான பயிற்சிகள் ஏற்பட்டன. அவற்றுள் பெண்டிர்க்கென்றே நடைபெற்றவையும் உண்டு. ‘தீதி’, அதாவது அக்கா, என்றழைத்து அடுக்களை வாயிலில் நின்று பேசக்கூடிய பணியாளர் தேவைப்பட்டார். அவர் எடுத்துச் சொல்லவேண்டியவை நுட்பமானவையல்ல. சாணமும் நீரும் சம அளவாயிருத்தல் வேண்டும். கலவையில் மண்ணும் வைக்கோலும் சேரலாகாது. குழாயில் தங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடவேண்டும். வாயு கசிகிறதா என்று சோப்பு நீரைத் தடவிப் பார்க்கவேண்டும். தீக்குச்சியைக் கிழித்தபின்னரே அடுப்பின் குமிழைத் திருப்பவேண்டும். இவற்றைச் சொல்வதற்குக் கால்மணி நேரம் போதும். சொன்னவற்றை அவர் கையாலேயே ஒருமுறை செய்யச்செய்து பார்ப்பதற்கு அரை நாள் ஆகும். அவ்வரை நாளைச் செலவிட மனமில்லாத இடங்களிலேதான் தொல்லைகள் தோன்றின.

அளவுபற்றிய செய்தியே எல்லாவற்றிலும் தலையாயது. ஆறு கனமீட்டர்க் கலத்துக்கு மலைப்பகுதியில் நாளொன்றுக்கு 36 கிலோ சாணம் வேண்டும். அதனின்று கிடைக்கும் வாயு ஓர் அடுப்பை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் எரியச் செய்யும். ஆயின் கிலோக் கணக்கில் யாரும் சாணத்தை நிறுப்பதில்லை. முதுகிற் சுமக்கும் ‘டோகோ’ என்னும் மூங்கிற் கூடையும், நீர் மொள்ளும் வாளியுமே அவ்வூர் அளவைகள். ‘உம்முடைய மாடுகள் இத்தனை, அவை இடும் சாணம் இத்தனை கூடை, ஆகவே உமக்கு உரிய கலம் இது’ என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல களப்பணியாளர்.

முற்காலத்தில் இச்செய்தி நேர்மாறாகச் சென்றதுண்டு. பெரிய கலம் கட்டுவது கௌரவமென்று உழவர் எண்ணினார். அதனை மறுத்துச் சொல்லக் கட்டுவோர்க்கும் மனம் வரவில்லை. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு பத்துக் கனமீட்டர்க் கலம் கட்டினால் சாணம் போதாது, வாயு குன்றும், காலையில் தேநீர் காய்வதற்குள் சுடர் அணையும். குற்றம் யார்மேல் விழும்? கணக்குத் தவறியதென்று ஒருவரும் சொல்லார். சாண வாயு என்பதே வீண் என்பர். மலையில் குளிர்காலத்தில் தொட்டியின் வெப்பம் தாழ்ந்து வாயு குறைவது இயல்பு. இதனை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிட்டு, மார்கழியிற் போய்ச் சமாதானம் சொன்னால் யார் நம்புவார்?

ஓர் ஊரில் ஒரு கலம் அணைந்து கிடந்தால் அவ்வூரில் அடுத்த கலம் எழுவது அரிது. அணைந்த கலத்தை உடையவர் அதற்கெனக் கடன்பட்டவர். எரியாத அடுப்புக்குத் தவணை கட்டுபவர். அவர் சந்தையிலும் நீர்த்துறையிலும் சொல்லும் சொல்லுக்கு எந்த வானொலியும் எதிர்நிற்க இயலாது. திட்டத்தார் இதனை உணர்ந்தே தரக் கண்காணிப்பில் முனைந்தனர் என்று கருதுகிறேன். கட்டும் கம்பெனிகள் வரையறுத்த தரத்தை ஒப்புக்கொண்டால் மட்டுமே மானியம் கிட்டும். கட்டியபின் சில ஆண்டுகளுக்கு அவை பொறுப்புறுதி அளித்துப் பழுது பார்க்கவேண்டும். ஆய்வாளர்கள் ஆங்காங்கே சில கலங்களைத் தேர்ந்து அளந்து பார்ப்பர். குறை கண்டால் கம்பெனிக்கு அபராதம். கணக்கேட்டில் இதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடு. என் நோக்கில் இதுவே அத்திட்டத்தின் சிறந்த பிரசாரம். ஏனெனில் புதிதாகக் கலம் கட்ட முன்வருவோர் பெரிதும் நம்பியது அண்டை வீட்டு அடுக்களையையே. அங்கே புகையில்லை, பாத்திரத்திற் கரியில்லை, விறகுக்குக் காடு செல்லும் நடையும் குறைந்தது என்று கண்ணாற் கண்டவருக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஒரு கலத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் விறகு மிச்சமாவதாகவும், பெண்டிர்க்கு நாளொன்றுக்குச் சுமார் மூன்று மணி நேரம் மிஞ்சுவதாகவும் திட்ட அறிக்கைகள் கணக்கிட்டன.

கழிப்பிடத்தைக் கலத்துடன் இணைப்பது மிகக் கடினமான செய்தி. மலத்தினின்று வரும் வாயுவிற் சோறு சமைப்பதா என்னும் அருவருப்பும், தூய்மை பற்றிய நெடுநாளைய வழக்கங்களும் குறுக்கே நின்றன. தீயினால் எதுவும் தூய்மையாகும் என்று வாதிடுவது எளிது. கேட்பவர் தலையசைத்துவிட்டு மாட்டுச்சாணத்தை மட்டுமே இடுவார். திட்டத்தார் வாதத்தை நீட்டாமல், கலம் கட்டும்போதே கழிப்பிடத்துக்கென இரண்டாவது குழாய் ஒன்றையும் வைத்துவிடுமாறு பரிந்துரைத்தனர். வீட்டார் இணங்கும் நாள்வரை அது மூடியே கிடக்கும். முதலில் ஓரிருவர் இணைத்தனர். அவர்கள் வீட்டிற் சமைத்ததை உறவினர் உண்டனர். பின்னர்ப் பலரும் இணைத்தனர். காலப்போக்கில் கட்டிய கலங்களுள் பாதிக்கு மேற்பட்டவை கழிப்பிடத்துடன் இணைந்தவையாயின. அதன்பின் புதியதொரு எச்சரிக்கை தேவைப்பட்டது: கழிப்பிடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவலாகாது, ஊற்றினால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும்.

பயன்படுத்தியவர்கள் கூறிய குறைகளும் உண்டு. புகை நின்றபின் கொசு மிகுந்தது என்றனர் பலர். கால்நடைகளுக்குக் காய்ச்சும் ‘குண்டோ’ என்னும் கூழுக்குப் பெரிய அண்டா வேண்டும். அது வாயு அடுப்பில் ஏறாது. ஆகவே விறகடுப்பு முற்றும் ஒழியவில்லை. இத்தகைய குறைகளை மறைக்காது முன்னதாகவே சொல்லும் பணியாளரின் மற்றச் சொற்களும் நம்பத்தக்கனவாகின்றன என்பது களத்திற் பணியாற்றிய எவர்க்கும் தெரிந்ததே.

1996-இல் மாற்று ஆற்றல் மேம்பாட்டு மையத்தை நேபாள அரசாங்கம் அமைத்தது. கலங்களின் எண்ணிக்கை 2003-க்குள் ஒரு இலட்சத்தையும், 2012-க்குள் இரண்டரை இலட்சத்தையும் கடந்தது. இத்திட்டம் 2005-ஆம் ஆண்டில் ஆஷ்டன் விருதைப் பெற்றது. ஆயின் எண்ணிக்கை ஏறிய அதே காலத்தில் மலை ஊர்களும் மாறின. இளைஞர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர், மாடுகள் விற்கப்பட்டன, உருளை வாயு மலைப்பாதையில் ஏறி வந்தது. மாடில்லாத வீட்டின் கலத்துக்கு இடுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே மூதாட்டி ஒருத்தி மட்டும் இருப்பாளாயின், அவளிடம் செல்லும் பணியாளர் சாணக் கரைசலைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைக் கேட்டறிய வேண்டியிருக்கிறது: கழிப்பிடக் குழாய் இணைக்கப்பட்டுள்ளதா, சமையற் கழிவு எங்கே போகிறது, பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் இன்னும் எத்தனை மாடுகள் நிற்கின்றன என்று.