கழுத்துக்கு எதற்கு ஸ்கேன்?

கர்ப்பிணிக்கும் கல்லடைப்புக்கும் ஸ்கேன் எடுப்பார்கள் என்பது விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஊரான அச்சங்குளத்தில் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் நெறி கட்டியவருக்கு மருத்துவர் அதே அல்ட்ராசவுண்டு ஸ்கேனை எழுதிக் கொடுத்தால்தான், ‘இதுக்கு எதுக்கு?’ என்ற கேள்வி வருகிறது.

காரணம் இருக்கிறது. உடலில் ஏறக்குறைய 800 நிணநீர்க் கணுக்கள் உண்டு. அவற்றில் சுமார் 300 கழுத்தில் மட்டும். வாயிலோ தொண்டையிலோ தோன்றும் புற்றுநோய் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது இந்தக் கணுக்களுக்குத்தான். தொண்டையில் வலியே தெரியாமல், கழுத்துக் கட்டியை மட்டும் காட்ட வருபவர்களும் உண்டு.

நல்ல கணு ஸ்கேனில் அவரை விதைபோல நீள்வட்டமாக இருக்கும். ரத்தக் குழாய் நுழையும் நடுப்பகுதி வெளுப்பாகத் தெரியும். புற்றுநோய் ஏறிய கணு உருண்டு திரளும். நடுவிலிருந்த வெளுப்பு மறையும், விளிம்பு ஒழுங்கு கெடும். டாப்ளரில் பார்த்தால் ரத்த ஓட்டம் ஓரங்களில் தாறுமாறாக இருக்கும். கதிர்வீச்சு இல்லாத சோதனை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் படம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. நம் ஊர்களில் கழுத்துக் கட்டிக்குக் காசநோயும் முக்கியக் காரணம். பழைய ஆட்கள் கண்டமாலை என்பார்கள். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். அதனால் திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கணுவுக்குள் செலுத்தி, செல்களை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

தொண்டைக்குள் பார்க்க இந்த ஸ்கேன் போதாது. அல்ட்ராசவுண்டுக்குக் காற்று ஆகாது. மூச்சுப்பாதையில் காற்று நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏறக் குரல்வளைக் குருத்தெலும்பிலும் சுண்ணாம்பு படிகிறது. ஒலி அலைகள் இவற்றைத் தாண்டுவதில்லை. குரல்நாணில் உள்ள சிறு புண்ணைக் காண எண்டோஸ்கோப்பிதான் வேண்டும். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை சி.டி., எம்.ஆர்.ஐ. சொல்லும்.

கண்ணுக்குத் தப்பும் கணுக்களும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கழுத்தில் பரவியதற்கான அறிகுறி இல்லாத ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளிகளைப் பற்றியது. வாய் அறுவையின்போதே கழுத்துக் கணுக்களையும் அகற்றிய பிரிவில், ஏறக்குறைய பத்தில் மூவருக்குக் கணுவில் நோய் ஒளிந்திருந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அந்தப் பிரிவில் 80 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். கணு தெரிந்த பிறகு அகற்றலாம் என்று காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதத்தினர். ‘ஸ்கேன் நார்மல்’ என்பதை நோய் பரவவில்லை என்பதற்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

குரல் கம்மல், ஒரு பக்கத்துத் தொண்டை வலி, விழுங்கச் சிரமம், கழுத்துக் கட்டி: இவற்றில் எது மூன்று வாரம் தாண்டினாலும், பட்டாசு மருந்துத் தூசியால் வந்தது என்று தள்ளிப்போட வேண்டாம். பீடி, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தும் கம்மல் நீடித்தால், எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.